சந்தேகமும் பொறுமையும்: நீண்ட மர்ம நாவல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த வருடம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் நாலைந்து மாத நாவல்கள். "டீச்சர், இதெல்லாம் பஸ்ஸுல ஏறி இறங்கிறத்துக்குள்ள முடிஞ்சி போகுது. ஒரு மாசம் வெச்சி வாசிக்கிற மாதிரி பெரிய மர்மக் கதை, நல்லா எழுதினது ஒண்டு இரிந்தாச் சொல்லுங்களேன்" என்றாள்.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, அதையே இருபது வருடங்களாகக் கற்பித்தும் வருகிற எனக்கு உடனடியாகப் பதில் வரவில்லை. சமூக நாவல் கேட்டிருந்தால் பத்துச் சொல்லியிருப்பேன். வரலாற்று நாவல் கேட்டிருந்தால் ஐந்து சொல்லியிருப்பேன். "யோசிச்சிச் சொல்றன் மகள்" என்று அனுப்பிவிட்டேன். அந்த யோசனை என்னை வெகுதூரம் இழுத்துச் சென்றது. இக்கட்டுரை அதன் விளைவு.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மர்மக் கதை என்றாலே நமது இலக்கிய வட்டாரங்களில் ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நாவல் இலக்கிய வரலாற்றில் அதற்கு அரைப் பக்கம் கூடக் கிடைக்கவில்லை. "வணிக எழுத்து" என்ற ஒற்றைச் சொல்லோடு விரிவுரை முடிந்துவிடும். அதே காலத்தில் விடுதி அறையில் தலையணைக்கடியில் என்ன இருந்தது என்பதை என்னோடு படித்தவர்கள் அறிவார்கள். பாடசாலைக் காலத்தில் உம்மாவுக்குத் தெரியாமல் புவியியல் புத்தகத்துக்குள் வைத்து ராஜேஷ்குமாரை வாசித்தவள் நான். ஆகவே இந்த வகை எழுத்தை மேலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை நேசித்து, பிறகு அதில் ஏதோ போதவில்லை என்று உணர்ந்தவள் என்ற வகையிலேயே எழுதுகிறேன்.

மர்மம் நமக்குப் புதிதல்ல

தமிழ் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வரும். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரே ஒரு தடயப் பொருளை உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். பொற்கொல்லனின் வார்த்தையை நம்பிய அரசன் அதைச் செய்யவில்லை. கோவலனின் கொலையைக் காப்பியம் ஊழ்வினையோடு சேர்த்துச் சொன்னாலும், வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு தடவையும் மாணவர்கள் கேட்பது ஊழைப் பற்றியல்ல. "ஏன் டீச்சர் அவரு விசாரிக்கல்ல?" என்றுதான் கேட்கிறார்கள்.

முஸ்லிம் வாசகருக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். சூரா யூசுபில் சட்டை முன்னால் கிழிந்திருந்தால் யார் பொய்யர், பின்னால் கிழிந்திருந்தால் யார் பொய்யர் என்று சாட்சி சொல்லப்படுகிறது. அதே சூராவில், ஓநாய் தின்றுவிட்டதாகச் சொல்லிப் பொய் இரத்தம் தோய்ந்த சட்டையைச் சகோதரர்கள் கொண்டு வருகிறார்கள். இரத்தம் இருக்கிற அளவுக்குச் சட்டையில் கிழிசல் இல்லையே என்று யஃகூப் நபி கவனித்ததாக விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இறைவேதம் கூறும் வரலாற்றை நாவலோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. சான்றைப் பார்த்து, வாக்குமூலத்தோடு பொருத்தி, உண்மையை அடையும் முறை நமது மரபுக்கு அந்நியமானதல்ல என்பதைச் சுட்டவே இதைச் சொல்கிறேன்.

ஆயிரத்தோரு இரவுகளில் வரும் மூன்று ஆப்பிள்களின் கதையும் இங்கு குறிப்பிடத்தக்கது. டைகிரிஸ் நதியில் மீனவன் வலையில் ஒரு பெட்டி அகப்படுகிறது. உள்ளே ஓர் இளம் பெண்ணின் உடல். மூன்று நாட்களுக்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்காவிட்டால் உன் தலை போகும் என்று கலீபா ஹாரூன் அர்-ரஷீத், வஸீர் ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார். ஜஃபர் என்ன செய்கிறார்? மூன்று நாளும் வீட்டில் இருக்கிறார்! உண்மை தானாகவே வந்து நிற்கிறது. கொலை, பெட்டி, தவணை எல்லாம் இருந்தும் இக்கதையில் துப்பறிதல் இல்லை. மர்மக் கதைக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நமது சொந்த வீட்டிலும் ஒரு சான்று உண்டு. 1885இல் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதன் கதையோட்டம் எதில் தங்கியிருக்கிறது? எகிப்தில் உயர்குடியில் பிறந்த ஒரு பிள்ளை திருடப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, தான் யார் என்பதை அறியும் மர்மத்தில். முதல் நாவலாசிரியர் வாசகனைப் பிடித்து வைக்க மர்மத்தையே நம்பினார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தி, கல்விக்காகப் பாடுபட்ட அந்த மனிதருக்கு அது கௌரவக் குறைவாகப் படவில்லை. நமக்குத்தான் படுகிறது.

நீளம் எங்கே போனது?

தமிழில் மர்ம நாவல் தொடக்கத்தில் நீளமாகவே இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாகம் பாகமாக எழுதினார்கள். அவற்றில் பல ஆங்கில மூலங்களின் தழுவல்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூராரின் திகம்பர சாமியாரும் ஒரு தலைமுறையையே வாசிக்கப் பழக்கினார்கள். அறிவுரையும் தற்செயலும் அளவுக்கு மிஞ்சி இருந்தாலும், அந்த நாவல்களில் ஒரு முழு ஊர் இருந்தது. வக்கீல், தாசில்தார், சமையற்காரன், விதவை அத்தை என்று ஒவ்வொருவருக்கும் இடம் இருந்தது.

பிறகு வாரப் பத்திரிகைத் தொடர்கள் வந்தன. தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்து மர்மக் கதையின் தமிழையே மாற்றினார்கள். 'கொலையுதிர் காலம்' ஆவியா விஞ்ஞானமா என்ற கேள்வியைக் கடைசி வரை இழுத்துச் சென்ற விதம் இன்றும் ரசிக்கத்தக்கது. அதன் பின் மாத நாவல்களின் காலம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் புத்தகங்கள் கப்பலிலும் விமானத்திலும் வந்து நமது பஸ் நிலையக் கடைகளில் கிளிப்பில் தொங்கின.

மாத நாவலைக் குறை சொல்லுமுன் அதன் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். மலிவான கடதாசி, சுமார் நூறு பக்கம், ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். அந்த அளவுக்குள் மூன்று அல்லது நான்கு சந்தேக நபர்களுக்கு மேல் வைக்க முடியாது. ஒருவரைப் பற்றிச் சொல்வதானால் கதைக்குத் தேவையானதை மட்டுமே சொல்லலாம். ஆகவே ஒரு பாத்திரம் வந்தாலே 'இவர் எதற்கோ வந்திருக்கிறார்' என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசி ஐந்து பக்கத்தில் ஒரு திருப்பம். திறமைசாலிகள் இந்தக் கட்டுக்குள்ளேயே அற்புதங்கள் செய்தார்கள். ஆனால் கொலையுண்டவருக்காக அழ ஒருவரும் இல்லை. சும்மா சந்தேகிக்கப்பட்டவருக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லப் பக்கம் இல்லை. என் மாணவிக்குப் போதவில்லை என்று பட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

நீளம் என்ன செய்கிறது?

நீண்ட மர்ம நாவலின் முன்னோடியாக வில்கி கொலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' நாவலைச் சொல்வார்கள். 1868இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முதலாவதும் மிக நீளமானதும் மிகச் சிறந்ததும் அதுவே என்ற கருத்து, கவிஞர் டி. எஸ். எலியட்டுடையது.

நம்மவர்களுக்கு அந்நாவலின் தொடக்கமே ஆர்வமூட்டும். 1799, ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தான் வீழ்ந்த அன்று நடக்கும் கொள்ளையில் ஓர் ஆங்கிலேய அதிகாரி, திப்புவின் குத்துவாளில் பதித்திருந்த வைரத்தைக் கொலை செய்து கவர்கிறான். அவ்வைரம் ஐம்பது வருடங்களின் பின் இங்கிலாந்தில் ஓர் இளம் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமலும் போகிறது. சந்தேகம் முதலில் யார் மேல் விழும்? வீட்டுக்கு வெளியே சுற்றித் திரிந்த மூன்று இந்தியர்கள் மேல். அடுத்து, முன்பு ஒரு தரம் களவில் அகப்பட்டுத் திருந்தி வாழும், உடலில் ஊனமுள்ள வேலைக்காரப் பெண் மேல். வெளியூரான் மேலும் ஏழையின் மேலும் விழுந்த அந்தச் சந்தேகம் என்ன விலை கேட்கிறது என்பதை கொலின்ஸ் நூற்றுக்கணக்கான பக்கங்களில் காட்டுகிறார். கதையின் பெரிய துப்பறிவாளர் சார்ஜன்ட் கஃப் கூட, புதிதாகப் பூசிய கதவின் சாயத்தில் உள்ள தீற்றலின் முக்கியத்துவத்தைச் சரியாகக் கண்டுகொண்ட பிறகும், ஆளைப் பிழையாகவே ஊகிக்கிறார்.

கதையைச் சொல்பவரும் ஒருவரல்ல. ஒரு கிழட்டு வீட்டு மேலாளர், சமயத் துண்டுப்பிரசுரம் விநியோகிக்கும் ஒரு கன்னி, ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவ உதவியாளர் என்று ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் எழுதுகிறார்கள். ஒருவர் புகழ்பவரை மற்றவர் இகழ்கிறார். நீதிமன்றத்தில் சாட்சிகளை ஒருவர் பின் ஒருவராகக் கேட்பது போல வாசகன் கேட்க வேண்டியிருக்கிறது. இதை நூறு பக்கத்தில் செய்ய முடியாது. தடயத்தை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு, அதன் மேல் வாழ்க்கையைக் குவித்து மறைப்பதற்குத்தான் நீளம் தேவைப்படுகிறது.

உம்பேர்த்தோ எக்கோவின் 'த நேம் ஒஃப் த ரோஸ்' (1980) இந்த வழியில் வந்த இன்னொரு பெரிய நாவல். 1327ஆம் ஆண்டு, இத்தாலிய மலைமேல் ஒரு துறவி மடம், ஏழு நாட்கள், அடுத்தடுத்து மரணங்கள், நடுவில் எவரும் நுழையக்கூடாத ஒரு நூலகம். முதல் நூறு பக்கங்களைக் குறைக்கும்படி நண்பர்களும் பதிப்பாளர்களும் கேட்டபோது எக்கோ மறுத்துவிட்டார். மலை ஏற வருகிறவன் அதற்கேற்ற மூச்சைப் பழக வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. சமயத் தர்க்கங்கள் நிறைந்த அந்தப் பக்கங்களை நானும் இரண்டு தரம் மூடி வைத்து, மூன்றாம் தரம்தான் தாண்டினேன். தாண்டியது வீண்போகவில்லை.

அந்த நூலகத்தில் ஓர் இடம் என்னை உலுக்கியது. அறபு நூல்களும், அவற்றோடு குர்ஆன் பிரதியும், சிங்கங்களும் விசித்திர விலங்குகளும் வாழும் பகுதி என்று பெயரிடப்பட்ட அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொய் நூல்களோடு சேர்த்து. துப்பறியும் துறவி வில்லியம் அதைக் கண்டு, அது வேறொரு ஞானத்தைக் கொண்ட நூல் என்கிறார். ஆனால் அது ஏன் அந்த அறைக்குப் போனது என்பதையும் விளங்கிக்கொள்கிறார். இதை நான் வாசித்தது 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில். வீட்டில் இருந்த அறபெழுத்துப் புத்தகங்களை எங்கே வைப்பது, தேடுதலுக்கு வருகிறவர்களுக்கு எது என்னவென்று எப்படி விளக்குவது என்று வாப்பாவும் நாங்களும் இரவிரவாகக் கதைத்த நாட்கள் அவை. வாப்பா மதரஸாவில் ஓதிய காலத்து இலக்கண நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றார். எக்கோவின் பதினான்காம் நூற்றாண்டு எனக்குத் தூரமாகப் படவில்லை.

'என் பெயர் சிவப்பு'

மாணவிக்கு நான் கடைசியில் கொடுத்தது ஓர்ஹான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு'. 1998இல் துருக்கி மொழியில் வெளிவந்தது. ஜி. குப்புசாமி ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிக் காலச்சுவடு வெளியிட்டிருக்கிறது. பாமுக் 2006இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

1591ஆம் ஆண்டின் பனிக்காலம், இஸ்தான்புல். ஆட்சியில் சுல்தான் மூன்றாம் முராத். ஹிஜ்ரி ஆயிரமாவது ஆண்டு. அதைச் சிறப்பிக்கும் ஒரு நூலை இரகசியமாகத் தயாரிக்கச் சுல்தான் பணிக்கிறார். அதன் ஓவியங்களில் வெனிஸ் நகரத்துப் பாணி கலக்க வேண்டும். அதாவது தூரத்தில் இருப்பது சிறிதாகவும் அருகில் இருப்பது பெரிதாகவும், மனித முகம் இன்னாருடையது என்று அடையாளம் காணும்படியும். அந்த வேலையில் ஈடுபட்ட ஒரு பொன்முலாம் கலைஞர் கொல்லப்படுகிறார். சந்தேக நபர்கள் மூவர். மூவரும் ஒரே உஸ்தாதிடம் பழகிய நுண்ணோவியர்கள்.

முதல் அத்தியாயத்தில் பேசுவது ஒரு மையித்து. கிணற்றின் அடியில் கிடந்தபடி, தன்னைக் கொன்றவன் நடமாடித் திரிகிறான், தனக்கு இன்னும் ஜனாஸாத் தொழுகையும் இல்லை அடக்கமும் இல்லை என்று முறையிடுகிறது. வேற்றுச் சமூகத்து வாசகருக்கு இது ஒரு புதுமையான உத்தியாகத் தோன்றக்கூடும். 2020இலும் 2021இன் தொடக்கத்திலும் கொரோனாவின் பேரால் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பார்த்திருந்த எனக்கு அதை உத்தியாக வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன்.

இந்நாவலின் துப்பறிதல் ஒரு சமயக் கேள்வியோடு பின்னியிருக்கிறது. அந்த ஓவியர்களின் மரபில் தனக்கென்று ஒரு பாணி இருப்பது குறை. முன்னோர் வரைந்தபடியே வரைய வேண்டும், பெயர் எழுதக் கூடாது. பாணி என்பது கை தவறி வந்த பிழை. ஆனால் கொலையாளியைப் பிடிக்க இருக்கும் ஒரே வழி அவனுடைய பாணியைக் கண்டுபிடிப்பதுதான். கொல்லப்பட்டவரிடம் கிடைத்த ஒரு குதிரைச் சித்திரத்தில் மூக்குத் துவாரம் வரைந்த விதத்தில் ஒரு சிறு விசித்திரம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அரண்மனைக் கருவூலத்துப் பழைய ஏடுகளைப் புரட்டுகிறார்கள். தனித்துவம் குற்றமா, திறமையா என்ற கலைக் கேள்வியும், கொன்றது யார் என்ற கேள்வியும் ஒரே முடிச்சாக விழுகின்றன. மர்மத்தை எடுத்துவிட்டால் தத்துவம் நிற்காது, தத்துவத்தை எடுத்துவிட்டால் மர்மம் அவிழாது. சிறந்த நீண்ட மர்ம நாவலுக்கு என்னுடைய அளவுகோல் இதுதான்.

பெண் வாசகர்களுக்கு ஷெகூரேயின் அத்தியாயங்களே நாவலின் உயிர். போருக்குப் போன கணவன் நான்கு வருடங்களாகத் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. இரண்டு ஆண் பிள்ளைகள். மனைவியுமில்லை, கைம்பெண்ணுமில்லை. முப்பது வருட யுத்தத்தில் கணவன் காணாமற்போன பெண்களை அறிந்த நமக்கு இந்த நிலையை விளக்கத் தேவையில்லை. ஹனபி மத்ஹபின்படி அவளுக்கு விடுதலை எளிதில் கிடைக்காது. ஆகவே ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த பதில் காழி ஒருவர் மூலம் மணவிலக்குப் பெறும் ஏற்பாடு ஒன்று நடக்கிறது. ஷாபிஈ மத்ஹபினரே பெரும்பான்மையாக உள்ள நாட்டில், காதி நீதிமன்றத்தில் பஸஹ் கேட்டு அலையும் பெண்களைக் கண்டிருக்கும் வாசகர்கள் அந்த அத்தியாயத்தைப் பாதிச் சிரிப்போடும் பாதி வேதனையோடும் வாசிப்பார்கள். கடிதம் காவும் துணி வியாபாரி எஸ்தர் என்ற யூதப் பெண்மணியும் மறக்க முடியாத பாத்திரம். எழுதப்படிக்கத் தெரியாத அவள், கடிதம் மடிக்கப்பட்ட விதத்திலிருந்தே சேதியை வாசிக்கிறாள்.

இனி எனது ஆட்சேபங்கள். ஐம்பத்தொன்பது அத்தியாயங்களில் ஒரு நாய் பேசுகிறது, மரம் பேசுகிறது, பொற்காசு பேசுகிறது, மரணம் பேசுகிறது, ஷைத்தானும் பேசுகிறான். ஆனால் கோப்பிக் கடைகளையும் ஓவியர்களையும் கண்டித்து ஊரைத் திரட்டும் நுஸ்ரத் ஹோஜா என்ற போதகருக்கு மட்டும் ஓர் அத்தியாயம் இல்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள், கேலி செய்கிறார்கள், பயப்படுகிறார்கள். அவருடைய குரலை வாசகன் கேட்பதில்லை. அவருடைய கருத்தை நான் ஏற்கிறேனா என்பது வேறு விடயம். எல்லாத் தரப்பையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதாக வாக்களித்த ஒரு நாவல், ஷைத்தானுக்குக் கொடுத்த சந்தர்ப்பத்தை ஒரு மௌலவிக்குக் கொடுக்காமல் விட்டது நீதியல்ல. உருவம் வரைதல் பற்றிய மார்க்க விவாதம் இதனால் ஒரு பக்கமாகவே கனக்கிறது. உருவப்படத்தை மனச்சாட்சியோடு மறுக்கும் அறிவுள்ள ஒருவர் எப்படிச் சிந்திப்பார் என்பதை, ஓவியர்களின் அச்சத்தின் ஊடாக மட்டுமே நாம் அறிய முடிகிறது.

இரண்டாவது, துப்பறியும் நியாயம் சம்பந்தப்பட்டது. கொலையாளி தன் முகத்தை மறைத்துத் தனி அத்தியாயங்களில் பேசுகிறான். அதே ஆள் தன் பட்டப்பெயரிலும் பேசுகிறான். குரலைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடி என்பதே வாசகனுக்கு வைத்த சவால். ஆனால் மூன்று ஓவியர்களும் அலிஃப், பே, ஜீம் என்று எண்ணிட்டு ஆளுக்கு மூன்று நீதிக்கதை சொல்லும் இடத்தில் மூவரின் குரலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஒலிக்கிறது. மூன்றாவது, ஹுஸ்ரவ், ஷீரீன் காட்சியும் ஹெறாத் நகர உஸ்தாதுகளின் கதைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. கருவூல அத்தியாயங்களில் நடை தளர்கிறது. நீளம் எல்லா இடத்திலும் தன் கூலியைச் சம்பாதிக்கவில்லை.

சந்தேகிக்கலாமா?

ஒரு நியாயமான கேள்வியை நமது வாசகர் எழுப்பலாம். சூரா அல்ஹுஜ்ராத் அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது, பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் தடுக்கிறது. சந்தேகத்தையும் உளவையும் முதலாக வைத்து நடக்கும் ஒரு இலக்கிய வகையை ஒரு முஸ்லிம் ஆசிரியை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அதே சூரா, ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படியும், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையைத் தவிர்க்கும்படியும் முன்னதாகவே சொல்கிறது. சந்தேகம் ஒன்று, விசாரணை இன்னொன்று. விசாரணை இல்லாத இடத்தில்தான் சந்தேகம் கொழுக்கிறது.

ஒரு சம்பவம். முன்பு நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் சக ஆசிரியர் ஒருவர் மேல் மொட்டைப் பெட்டிசம் ஒன்று போனது. பணம் சம்பந்தமானது. ஒருவரும் அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஓய்வறைக்கு வந்தால் கதை நிற்கும். நானும் நம்பினேன். அவருடைய சிரிப்பு, புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள், எல்லாமே எனக்குத் தடயமாகத் தெரிந்தன. அவர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணக்குப் பிழை வேறெங்கோ நடந்தது என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. டொரதி சேயர்ஸ் 1935இல் எழுதிய 'கோடி நைட்' என்ற நீண்ட நாவலை வாசித்தபோது அந்த ஆசிரியரின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. அதில் கொலையே இல்லை. ஒக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் கல்லூரி, அங்கு உலாவும் மொட்டைக் கடிதங்கள், ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கும் படித்த பெண்கள். அவ்வளவுதான் கதை. அந்தச் சந்தேகத்தின் நெடியை நான் நேரில் அறிந்திருந்தேன்.

நல்ல நீண்ட மர்ம நாவல் வாசகனைப் பிழையான ஆளைச் சந்தேகிக்க வைக்கிறது. அந்த ஆளோடு இருநூறு, முந்நூறு பக்கம் வாழவும் வைக்கிறது. உண்மை தெரிந்ததும் வாசகன் வெட்கப்படுகிறான். குறுநாவலில் அந்த வெட்கத்துக்கு நேரமில்லை, அடுத்த பக்கத்தில் விளம்பரம் வந்துவிடும். பிறரால் சந்தேகிக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம். நாமும் நமக்குள் எவ்வளவு இலகுவாகச் சந்தேகிக்கிறோம் என்பதை அறிய இப்படியான வாசிப்பு உதவும் என்று நம்புகிறேன்.

எதை, எப்படித் தேடுவது?

தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வழிகள். புத்தகத்தின் பருமனைப் பார்த்து எடுக்க வேண்டாம். முதல் முப்பது பக்கத்தை வாசித்து, கொலை நடக்காவிட்டாலும் இந்த ஊரில் இந்த மனிதர்களோடு இருக்க விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். முடிவு தெரிந்த பின்னும் இரண்டாம் தரம் வாசிக்க முடிந்தால் அது நல்ல நாவல். கடைசி அத்தியாயத்தில் முன்பின் தெரியாத இரட்டைச் சகோதரனோ மறைந்திருந்த உயிலோ வந்தால் ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று கொள்ளலாம்.

தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்குத் தஸ்தயேவ்ஸ்கியைத் தயங்காமல் சொல்வேன். 'கரமாசவ் சகோதரர்கள்' தகப்பனைக் கொன்றது யார் என்ற மர்ம நாவலும்தான். புவியரசுவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. எம். ஏ. சுசீலா தமிழாக்கிய 'குற்றமும் தண்டனையும்' கொலையாளியை முதலிலேயே காட்டிவிட்டு ஏன், எப்படி அகப்படுவான் என்று நடத்துகிறது. ஆங்கிலம் ஓரளவு முடிந்தவர்கள் கொலின்ஸிலிருந்து தொடங்கலாம். அவருடைய 'த வுமன் இன் வைட்' நாவலும் அதே தரம்.

இவையெல்லாம் இறக்குமதி. நமது மண்ணில் நடக்கும் ஒரு நீண்ட மர்ம நாவல் எங்கே? ஒரு நெல் ஆலை, ஒரு பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவு, ஒரு காணி உறுதி, மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண்: ஒவ்வொன்றுக்குள்ளும் அறுநூறு பக்கம் இருக்கிறது. சித்திலெப்பை தொடங்கி வைத்து நூற்று நாற்பது வருடமாகிறது. நமது எழுத்தாளர்கள் மர்மத்தை மாத நாவலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு விலகி நின்றது போதும்.

அந்த மாணவி புத்தகத்தைத் திருப்பித் தர ஆறு வாரம் எடுத்தாள். இடையில் தவணைப் பரீட்சை வேறு. "முதல்ல கொஞ்சம் கஷ்டமா இரிந்திச்சி டீச்சர்" என்றாள். பிறகு மூன்று ஓவியர்களில் ஒருவரின் பெயரைச் சொல்லி, "பாவம், அவர நான் சும்மா கடைசி வரைக்கும் சந்தேகப்பட்டுட்டன்" என்றாள். அடுத்ததாகக் கரமாசவ் கேட்டிருக்கிறாள். எங்கள் பாடசாலை நூலகத்தில் அது இல்லை. என்னுடைய பிரதியைக் கொடுத்திருக்கிறேன்.